கழன்றது ஒரு சின்ன டெர்மினல். முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டுமா? - காரின் பின்பக்க டீஃபாகர் ரிப்பேர்: ஒரு விளக்கம்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். “அண்ணே, பின்னாடி கண்ணாடி பட்டனைப் போட்டா லைட் எரியுது. ஆனா கண்ணாடி மட்டும் தெளியவே மாட்டேங்குது.” பின் கதவைத் திறந்து பார்த்தால், கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்க வேண்டிய நகம் அளவுத் தகடு ஒன்று, ஒயரோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனைகள் மூன்று. “கிளாஸையே மாத்திடுங்க சார்” என்பது ஒன்று. “விடுங்க, நம்ம ஊருக்கு இதெல்லாம் எதுக்கு?” என்பது இரண்டாவது. வீட்டில் கிடக்கும் ஃபெவிக்விக்கை எடுத்து ஒரு சொட்டு விட்டு ஒட்டுவது மூன்றாவது. முதலாவது, பல ஆயிரம் ரூபாய் வீண் செலவு. இரண்டாவது, பின்னால் வருவது தெரியாமல் வண்டி ஓட்டுவது. மூன்றாவது, வேலைக்கு ஆகாது என்பதோடு சில நேரம் ஆபத்தும்கூட.

உண்மையில் இந்தப் பழுதைச் சில நூறு ரூபாய்ப் பொருட்களைக் கொண்டு, ஒரு நாள் பொறுமையோடு சரிசெய்துவிடலாம். ஆனால் அந்தச் சின்னத் தகடு வழியாக எவ்வளவு கரன்ட் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

அந்தக் கோடுகள் என்ன செய்கின்றன?

காரின் பின்பக்கக் கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் குறுக்காக ஓடும் மெல்லிய கோடுகள் அலங்காரம் அல்ல. வெள்ளித் துகளும் கண்ணாடித் துகளும் கலந்த பசையைக் கண்ணாடியின் உட்புறத்தில் ஸ்கிரீன் பிரின்டிங் முறையில் அச்சிட்டு, கண்ணாடியைப் பதப்படுத்தும்போது 600 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் சுட்டு எடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் வெள்ளி கண்ணாடியோடு ஒன்றிப்போகிறது.

கண்ணாடியின் இடது, வலது ஓரங்களில் மேலிருந்து கீழாகச் சற்று அகலமான பட்டை ஒன்று இருக்கும். குறுக்குக் கோடுகள் எல்லாம் ஏணிப்படிகள் போல இந்த இரண்டு பட்டைகளுக்கும் நடுவே இணைந்திருக்கும். ஒரு பட்டைக்கு பேட்டரியின் பாசிட்டிவ் ஒயர் வரும். இன்னொரு பட்டையிலிருந்து ஒயர் காரின் பாடியில் எர்த் ஆகும். இந்த ஒயர்களைப் பட்டையோடு இணைக்கும் தகடுதான் டெர்மினல். அதைப் பட்டையின் மேல் சால்டர் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். சில மாடல்களில் இரண்டு டெர்மினல்களும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

டேஷ்போர்டில் செவ்வகத்துக்குள் மூன்று நெளி அம்புகள் மேல்நோக்கிப் போவதுபோல் படம் போட்ட பட்டனை அழுத்தினால், கோடுகள் வழியாகக் கரன்ட் பாய்ந்து கண்ணாடி சூடாகிறது. கண்ணாடியில் படிந்த ஈரம் ஆவியாகி, முதலில் கோடுகளை ஒட்டியும் பிறகு இடைப்பட்ட இடங்களிலும் தெளிவு வருகிறது.

காரில் ஹெட்லைட்டையே மிஞ்சும் அளவுக்குக் கரன்ட் இழுக்கும் கருவி இது. சாதாரண கார்களில் 10 முதல் 25 ஆம்பியர் வரை எடுக்கும். 15 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 180 முதல் 200 வாட். வீட்டில் ஓடும் பழைய மாடல் சீலிங் ஃபேன்கள் இரண்டரை சேர்ந்து இழுக்கும் மின்சாரம் இது. அதனால்தான் பெரும்பாலான கார்களில் 10 முதல் 15 நிமிடங்களில் டீஃபாகர் தானாகவே அணைந்துவிடும்படி டைமர் வைத்திருக்கிறார்கள்.

நம்ம ஊருக்கு இது தேவையா?

பனி கொட்டும் நாடுகளுக்கான வசதி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் கண்ணாடி மங்குவதற்குப் பனிப்பொழிவு தேவையில்லை. காற்றில் ஈரப்பதமும், அந்தக் காற்று தொடும் இடத்தில் குளிர்ச்சியும் இருந்தால் போதும்.

ஊட்டியில் ஒரு டிசம்பர் இரவு. வெளியே 12 டிகிரி. காருக்குள் நான்கு பேர் ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மூச்சுக்காற்றால் உள்ளே 22 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 16 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர்த்துளி படியும். கண்ணாடியோ 13, 14 டிகிரியில் இருக்கும். எனவே உட்புறம் மங்கிவிடும்.

சென்னையில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை நாளில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகிவிடும். ஏசி போட்ட காரின் கண்ணாடி அதைவிடக் குளிர்ந்திருந்தால் வெளிப்புறம் மங்கும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஹேட்ச்பேக் கார்களில் பின்பக்க வைப்பர் இருந்தால் வெளிப்புறத்தைத் துடைக்கலாம்; செடான் கார்களில் அதுவும் பெரும்பாலும் இருக்காது. டீஃபாகர் கண்ணாடியையே சூடாக்குவதால் உள்ளே படிந்தாலும் வெளியே படிந்தாலும் இரண்டும் போகும்.

“ரிவர்ஸ் கேமரா இருக்கே, அப்புறம் என்ன?” என்று கேட்கலாம். கேமரா ரிவர்ஸ் கியர் போட்டால்தான் வேலை செய்யும். லென்ஸில் ஒரு மழைத்துளி விழுந்தாலும் படம் கலங்கும். நேராகப் போகும்போது பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் பைக்கையும், மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் பின்னால் நிற்கும் பஸ்ஸையும் காட்டுவது உள்பக்கக் கண்ணாடிதான். பின்பக்கக் கண்ணாடி மங்கியிருந்தால் அதில் எதுவும் தெரியாது.

டெர்மினல் ஏன் கழல்கிறது?

பாதிக் காரணம் மனிதர்கள். டிக்கியில் பெட்டிகளைத் திணிக்கும்போது ஒயரில் மாட்டி இழுபடுகிறது. சன் ஃபிலிம் ஒட்டுகிறவர்கள், உரிக்கிறவர்கள் டெர்மினலைச் சுற்றி பிளேடு வைக்கிறார்கள். கண்ணாடியைத் துடைக்கும் துணி தகட்டின் முனையில் சிக்குகிறது. பின் கதவின் உள் பிளாஸ்டிக் கவரைக் கழற்றி மாட்டும்போதும் இது நடக்கும்.

மீதிக் காரணம் வெப்பம். வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடி கொதிக்கும். மழை வந்ததும் சட்டென்று குளிரும். உலோகமும் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை, சுருங்குவதில்லை. ஆயிரக்கணக்கான முறை இப்படி இழுபறி நடந்தால், பற்றவைத்த இடத்தில் நுண்ணிய விரிசல் விழும். ஈயம் கலந்த சால்டர் மென்மையானது என்பதால் இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். வாகனங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் சட்டம் கொண்டுவந்தபோதும், கண்ணாடி மீதான சால்டருக்கு விதிவிலக்கு கொடுக்க வேண்டியிருந்தது இதனால்தான். ஈயமில்லாத கடினமான சால்டர் கண்ணாடியையே கீறிவிடும் என்ற சிக்கல் இருந்தது.

பழுது எங்கே? மல்டிமீட்டர் சொல்லிவிடும்

டெர்மினல் தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தால் சிக்கல் இல்லை. தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். சென்னையில் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகள் எதிலும் வாங்கலாம்.

முதலில் கண்ணால் பார்த்தே ஒன்றை முடிவு செய்யலாம். கண்ணாடி முழுதும் தெளியவில்லையா, அல்லது ஒரே ஒரு வரி மட்டும் மங்கலாக நிற்கிறதா? கோடுகள் தனித்தனியாக இரண்டு பட்டைகளிலும் இணைந்திருப்பதால், ஒரு கோடு அறுந்தால் அந்த ஒரு வரி மட்டுமே மங்கலாக இருக்கும். முழுக் கண்ணாடியும் தெளியவில்லை என்றால் கோளாறு டெர்மினல், ஒயர், ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது.

அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு டீஃபாகர் பட்டனைப் போட வேண்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை பாடியின் பெயின்ட் இல்லாத போல்ட் ஒன்றில் தொட்டுக்கொள்ள வேண்டும். சிவப்பு முனையின் நுனியில் கொஞ்சம் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டால் வெள்ளிக் கோடு கீறாது. இனி கண்ணாடியில் தொட்டுப் பார்த்தால்:

நல்ல நிலையில் இருந்தால், பாசிட்டிவ் பட்டையில் 12 முதல் 14 வோல்ட், எர்த் பட்டையில் ஏறக்குறைய பூஜ்யம், கோட்டின் நடுவில் அதில் பாதி, அதாவது 6 அல்லது 7 வோல்ட் காட்டும்.

கண்ணாடியில் எங்கே தொட்டாலும் பூஜ்யம், ஆனால் பாசிட்டிவ் ஒயரின் முனையில் 12 வோல்ட் என்றால், பாசிட்டிவ் டெர்மினல் விட்டுப்போயிருக்கிறது.

கண்ணாடியில் எங்கே தொட்டாலும் முழு 12 வோல்ட் என்றால், எர்த் பக்க டெர்மினலோ அதன் ஒயரோ விட்டுப்போயிருக்கிறது. கரன்ட் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது என்று பொருள். “வோல்டேஜ் வருதே, அப்போ கிளாஸ்தான் போச்சு” என்று பலர் தவறாக முடிவெடுப்பது இந்த இடத்தில்தான்.

ஒயரின் முனையிலேயே 12 வோல்ட் வரவில்லை என்றால் கண்ணாடியைத் தொடவே வேண்டாம். ஃபியூஸ், ரிலேயைப் பார்க்க வேண்டும். ஹேட்ச்பேக், எஸ்யூவி கார்களில் இன்னோர் இடமும் உண்டு. பின் கதவின் கீல் அருகே, பாடிக்கும் கதவுக்கும் நடுவே மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் அதற்குள் இருக்கும் ஒயர்கள் வளைந்து நிமிர்கின்றன. சில வருடங்களில் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும்.

ஃபெவிக்விக் ஏன் கூடாது?

ஃபெவிக்விக், சாதாரண எபாக்ஸி, எம்-சீல் எல்லாமே நன்றாக ஒட்டும். ஆனால் கரன்டைக் கடத்தாது. தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் பசை முழுதாகப் பரவிவிட்டால் டீஃபாகர் வேலையே செய்யாது. அதுகூடப் பரவாயில்லை. பசைக்கு நடுவே உலோகம் உலோகத்தை ஓரிரு புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொண்டிருப்பதுதான் பெரிய தொல்லை.

ஒரு சின்னக் கணக்கு. கண்ணாடியில் உள்ள கோடுகளின் மொத்த மின்தடை 0.8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் பாயும். 180 வாட் வெப்பம் கண்ணாடி முழுக்கப் பரவும். இப்போது அரைகுறையாக ஒட்டிய டெர்மினலில் 0.2 ஓம் தடை சேர்ந்துவிட்டது. கரன்ட் 12 ஆம்பியராகக் குறையும். கண்ணாடிக்குக் கிடைப்பது சுமார் 115 வாட் மட்டுமே. ஆனால் அந்த நகம் அளவு இடத்தில் கிட்டத்தட்ட 29 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ ரிப்பேருக்குப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்னின் திறன் 25 வாட்தான்! பிளாஸ்டிக் கவருக்கும் ஒயர் உறைக்கும் பக்கத்தில் ஒரு சால்டரிங் அயர்னைப் போட்டு வைத்ததற்குச் சமம் அது. பசை கருகும், ஒயர் உறை உருகும், கண்ணாடி அந்த ஒரு புள்ளியில் மட்டும் சூடாகி உடையவும் வாய்ப்பு உண்டு.

எனவே இணைப்பு இரண்டு வேலையைச் செய்ய வேண்டும்: இறுகப் பிடிக்கவும் வேண்டும், தடையின்றிக் கரன்டைக் கடத்தவும் வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. எந்த வழியானாலும் வேலையைத் தொடங்கும் முன் இக்னிஷனை அணைத்து, டீஃபாகர் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

வழி 1: சில்வர் எபாக்ஸி

வெள்ளித் துகள் கலந்த, கரன்டைக் கடத்தும் இரண்டு பாகப் பசை இது. பின்பக்க டீஃபாகர் டெர்மினலுக்கென்றே சிறு பாக்கெட்டுகளாக ஆன்லைனில் கிடைக்கிறது. வெள்ளி இருப்பதால் அளவு கொஞ்சம், விலை சற்று அதிகம். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஏற்ற வழி.

1. தகட்டிலிருந்து ஒயரைக் கழற்றி விட வேண்டும். ஒயரின் கனம் தகட்டை இழுத்துக்கொண்டிருந்தால் பசை பிடிக்காது.

2. தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய சால்டரை உப்புத்தாளில் தேய்த்துச் சமதளமாக்க வேண்டும்.

3. கண்ணாடிப் பட்டையில் ஒட்டும் இடத்தை மிக நைஸான உப்புத்தாளால், கறுத்த படலம் போகும் அளவுக்கு மட்டும் லேசாகத் தேய்க்க வேண்டும். பிளேடு, கத்தி கூடாது. வெள்ளிப் படலம் மிக மெல்லியது. சுரண்டினால் அதுவே போய்விடும்.

4. இரண்டு இடங்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். அதன் பிறகு விரல் படக் கூடாது. கை எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடும்.

5. பசையின் இரண்டு பாகங்களையும் பாக்கெட்டில் சொன்ன அளவில் நன்றாகக் கலக்க வேண்டும். சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும் என்பதால் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு கலப்பது நல்லது.

6. தகட்டின் அடியில் மெல்லிசாகத் தடவி, பட்டையின் மேல் வைத்து அழுத்தி, மாஸ்கிங் டேப் போட்டு அசையாமல் நிறுத்த வேண்டும்.

7. 24 மணி நேரம் தொடக் கூடாது. மழை நாளில் குளிராக இருந்தால் இன்னும் கூடுதல் நேரம் விடலாம். அதன் பிறகு தகட்டை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு ஒயரை மாட்ட வேண்டும். தகட்டைப் பிடிக்காமல் ஒயரை அழுத்தினால், ஒட்டியது மறுபடி கையோடு வந்துவிடும்.

வழி 2: சால்டரிங்

தொழிற்சாலையில் செய்வது இதைத்தான். சரியாகச் செய்தால் நீண்ட நாள் தாங்கும். ஆனால் அனுபவம் தேவை. பின்பக்கக் கண்ணாடி முன்பக்கத்தைப் போல லேமினேட்டட் அல்ல. பெரும்பாலும் டஃபன்டு கிளாஸ். ஓரிடத்தில் விரிசல் விட்டால் முழுதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். எனவே நம்பிக்கையான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே நல்லது. அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயங்கள் சில.

எந்த சால்டர்? சாதாரண சால்டரில் உள்ள வெள்ளீயம், சூட்டில் உருகியதும் பட்டையில் இருக்கும் வெள்ளியைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அயர்னைக் கூடுதல் நேரம் வைத்தால் பட்டையே காணாமல் போய்விடும். அதனால் 2 சதவீதம் வெள்ளி கலந்த சால்டரைப் பயன்படுத்துவார்கள். ஏற்கெனவே வெள்ளி இருப்பதால் அது பட்டையை அவ்வளவாகக் கரைக்காது. 62 சதவீதம் வெள்ளீயம், 36 சதவீதம் ஈயம், 2 சதவீதம் வெள்ளி கொண்ட இந்தக் கலவை 179 டிகிரியிலேயே உருகும்.

எந்த அயர்ன்? இதற்கு 25 வாட் அயர்ன் போதாது. கண்ணாடியும் தகடும் சூட்டை இழுத்துக்கொள்ளும். சால்டர் உருகாமல் அயர்னை வைத்துக்கொண்டே இருக்க நேரிடும். அகன்ற முனை கொண்ட 80 முதல் 100 வாட் அயர்னை வைத்துச் சில நொடிகளில் எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு.

கண்ணாடியைத் தயார் செய்வது எப்படி? ஏசியில் குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் அயர்னை வைக்கவே கூடாது. ஹேர் டிரையரால் அந்த இடத்தைச் சுற்றிலும் பரவலாக, கைக்கு இதமான சூடு வரும்வரை சூடேற்றிய பிறகு தொடங்க வேண்டும். ரோசின் ஃபிளக்ஸ் மட்டும் பயன்படுத்த வேண்டும். ஆசிட் ஃபிளக்ஸ் பட்டையை அரித்துவிடும். தகட்டின் அடியில் முதலில் சால்டர் பூசி, பட்டையின் மேல் வைத்து, தகட்டின் முதுகில் அயர்னை அழுத்தினால் அடியில் உள்ள சால்டர் உருகிப் பிடிக்கும். அயர்னை எடுத்த பிறகும் தகட்டை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். சீக்கிரம் ஆறட்டும் என்று ஈரத்துணி வைப்பதும், தண்ணீர் தெளிப்பதும் கண்ணாடியை உடைக்கும் வேலை.

ஃபிளக்ஸ் புகை வரும் என்பதால் கதவுகளைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் கை கழுவுவது அவசியம்.

தகடு வெள்ளியையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டால்?

சில நேரம் டெர்மினல் கழலும்போது அடியில் இருக்கும் வெள்ளியும் சேர்ந்து வந்துவிடும். வெறும் கண்ணாடி மீது சால்டர் பிடிக்காது. அப்போது அதே பட்டையில் சற்று மேலே அல்லது கீழே, வெள்ளி நன்றாக இருக்கும் இடத்துக்கு டெர்மினலை மாற்றிக்கொள்ளலாம். ஒயர் எட்டவில்லை என்றால் அதே தடிமனுள்ள ஒயர்த் துண்டைச் சேர்க்கலாம். மெல்லிய ஒயர் போட்டால் அந்த ஒயர் சூடாகும்.

கோடு அறுந்திருந்தால்?

டெர்மினல்கள் நன்றாக இருந்து, ஒரு வரி மட்டும் மங்கலாக நின்றால் அந்தக் கோட்டில் எங்கோ வெட்டு இருக்கிறது. பாசிட்டிவ் பக்கத்திலிருந்து மல்டிமீட்டர் முனையைக் கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போனால், 12 வோல்ட் மாறாமல் வந்து, ஓரிடத்தில் சட்டென்று பூஜ்யமாகும். வெட்டு அங்கேதான்.

இதற்குக் கரன்ட் கடத்தும் சில்வர் பெயின்ட் போதும். வெட்டு விழுந்த இடத்தை ஆல்கஹாலில் துடைத்து, கோட்டின் மேலும் கீழும் கோட்டின் அகலத்துக்கு இடைவெளி விட்டு மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். வெட்டின் இரு பக்கமும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை பழைய கோட்டின் மேல் ஏறும்படி பெயின்ட் பூச வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக அப்பாமல், மெல்லிசாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு பூசுவது நல்லது. ஒரு நாள் காயவிட்டுப் பயன்படுத்தலாம். இந்த பெயின்ட் கோட்டுக்குத்தான். டெர்மினலை ஒட்டுவதற்குப் பயன்படாது.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

ஃபியூஸை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, டீஃபாகரை 5 நிமிடம் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் கையை வைத்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பிறகு டெர்மினலின் அருகே விரலை மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி அளவுக்கு வெதுவெதுப்பு என்றால் நல்லது. கை வைக்க முடியாத சூடு என்றால் இணைப்பு சரியில்லை. உடனே அணைத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். டீஃபாகர் ஓடும்போது ஒரு முனையைத் தகட்டிலும் இன்னொரு முனையைப் பக்கத்துப் பட்டையிலும் வைத்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அரை வோல்ட்டைத் தாண்டினால் வெப்பம் அங்கே வீணாகிறது என்று பொருள்.

கண்ணாடியை எப்போது மாற்ற வேண்டும்?

ஓரப் பட்டை நெடுக வெள்ளி உரிந்துபோயிருந்தால், பாதிக்கு மேல் கோடுகள் அறுந்திருந்தால், கண்ணாடியிலேயே சேதம் இருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. மற்றபடி ஒரு டெர்மினலுக்காகவோ ஓரிரு கோடுகளுக்காகவோ கண்ணாடியை மாற்றச் சொன்னால், இன்னோர் இடத்தில் காட்டிக் கேட்பது நல்லது. மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஃபிட்டிங் முடிந்து வண்டியை எடுக்கும் முன் டீஃபாகர் வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். பல மாடல்களில் ரேடியோ ஆன்டெனாவும் இதே கண்ணாடியில் அச்சிட்டிருப்பார்கள். அதன் ஒயரை மாட்ட மறந்திருந்தால் எஃப்எம் இரையும்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? விபத்தில் கண்ணாடி உடைந்தால் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கிடைக்கும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவும் இல்லை. ஆனால் க்ளெய்ம் செய்தால் நோ க்ளெய்ம் போனஸ் பாதிக்கப்படலாம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். டெர்மினல் தானாகக் கழன்றது மின்சாரக் கோளாறு, தேய்மானம் என்ற கணக்கில் வரும். அதற்கு வழக்கமான பாலிசியில் க்ளெய்ம் இல்லை. புதிய காராக இருந்தால், கையை வைக்கும் முன் வாரன்டியில் வருமா என்று ஷோரூமில் கேட்டுவிடுவது முக்கியம்.

மறுபடி கழலாமல் இருக்க...

பின்பக்கக் கண்ணாடியின் உட்புறத்தைத் துடைக்கும்போது கோடுகளின் போக்கிலேயே, இடமிருந்து வலமாக, மெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். மேலும் கீழுமாக அழுத்தித் தேய்க்கக் கூடாது. மோதிரம், வளையல் உரசினாலும் கோடு அறும். டெர்மினல் இருக்கும் ஓரத்தைத் தனியாக, விரல் நுனியால் துடைப்பது நல்லது.

சாமி படம், ஊர்ப் பெயர், தலைவர் படம் என்று பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுபவர்கள் வெளிப்புறத்தில் ஒட்டினால் கோடுகளுக்கு ஆபத்தில்லை. உட்புறத்தில் ஒட்டினால், உரிக்கும் நாளில் கோடும் சேர்ந்து வரும். சன் ஃபிலிமும் உட்புறத்தில் ஒட்டுவதுதான். கறுப்பு ஃபிலிமுக்கு உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை விதித்தது. பின்பக்கக் கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத ஒளி ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பழைய காரை வாங்கி அதில் இருக்கும் ஃபிலிமை எடுக்க வேண்டியிருந்தால், பிளேடைத் தவிர்த்து, ஹேர் டிரையரால் பசையை இளக்கி, கோடுகளின் திசையில் மெதுவாக உரிக்கச் சொல்ல வேண்டும்.

டிக்கி நிறைய சாமான் ஏற்றும்போது டெர்மினல் பக்கம் பெட்டியின் மூலை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள், ஊட்டி, கொடைக்கானல் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருநாள், பட்டனைப் போட்டு 5 நிமிடம் கழித்துக் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். சூடு வரவில்லை என்றால், பசை காய ஒரு நாள் தேவைப்படும் இந்த வேலையைச் செய்ய அப்போது நேரம் இருக்கும். மலை ஏறிய பிறகு மூடுபனியில் தெரிந்தால், அங்கே செய்ய முடிவது ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றி, ஓரமாக நிறுத்தித் துடைத்துவிட்டுப் போவது மட்டும்தான்.